கந்தப்பனின் முறையும் கரீமின் முறையும்

கணபதி, கோயமுத்தூர்
5-6-1998

நாச்சியம்மாள் டீச்சருக்கு,

எட்டாம் வகுப்பு சித்திகாவை நினைவிருக்கிறதா? நீங்கள் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, "டீச்சர், போன கணக்குல எக்ஸ் மூணுன்னீங்க. இந்தக் கணக்குல அஞ்சுங்கறீங்க. எப்பங்க மாறுச்சு?" என்று கேட்டாளே, அந்தப் பெண். பக்கத்து வகுப்பில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அவள் கேள்வியும் கேட்டது, பிள்ளைகள் சிரித்ததும் கேட்டது. நீங்கள் சொன்ன பதில் மட்டும் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

நேற்று உங்கள் போனும் அப்படித்தான். "அஞ்சரை மணி! அத்தன பேருக்கும் அஞ்சரை மணி!" என்பது வரை கேட்டது. பிறகு ரிசீவரை வைத்த சத்தம். திரும்ப அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் கோபிக்குப் போய் நெல் போட்டீர்கள். நான் இங்கே கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, என் பேத்தி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜாவா படித்தேன். உங்கள் மடைக்கு யார் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறைச்சீட்டு அச்சடிக்கும் புரோகிராம்தான் நான் முதன்முதலாக மற்றவர்களுக்காக எழுதியது. ஃப்ளாப்பியைப் பேருந்து கண்டக்டரிடம் கொடுத்தனுப்பும் முன் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். இங்கே ஒழுங்காகத்தான் ஓடியது.

என்ன நடந்தது என்று நிதானமாக எழுதுங்கள். திட்டியே எழுதலாம். ஆனால் எழுதுங்கள்.

லட்சுமணசாமி

*

கோபிசெட்டிபாளையம்
9-6-1998

லட்சுமணசாமி சாருக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வரும். கடிதம் என்றால் உங்கள் பிழைகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட வசதி. "இங்கே ஒழுங்காகத்தான் ஓடியது" என்ற வரிக்குக் கீழே போட்டுவிட்டேன்.

நடந்தது இது. எல்லார் பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் அரசுப் பணியாளரான லஸ்கர் வந்து எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொன்ன பிறகுதான் நேரம் முடிவாகும். ஆகவே முதல் இரண்டு பேருக்கு மட்டும் நேரம் போட்டு வைத்திருந்தேன். மீதியை மாலையில் போடலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். என் மகன் மனோஜ்குமார் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். பாதியில் நிற்பது தெரியாமல், அம்மாவுக்கு உதவுவதாக நினைத்து அச்சடித்து மோட்டார் ரூம் சுவரில் ஒட்டிவிட்டான். நேரம் போடாத அத்தனை பேருக்கும் காலை ஐந்தரை என்று அச்சாகியிருந்தது. ஐந்தரை எங்கிருந்து வந்தது? நான் போடவில்லை. அவனும் போடவில்லை.

விடியும்போது அத்தனை பேரும் மம்பட்டியோடு மடையில் நிற்கிறார்கள். கந்தப்பன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், ஆளு நாங்க இத்தன பேரு இருக்கறோம். தண்ணி ஒண்ணுதானுங்களே. கம்ப்யூட்டர்ல இன்னும் கொஞ்சம் அச்சடிச்சுத் தருவீங்களா?"

பக்கத்தில் நின்ற இன்னொரு மடைக்காரர் கரீம் சிரித்து வாய்க்காலுக்குள் விழப் பார்த்தார்.

சார், உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். என் நிலைமை வேறு. இத்தனை காலம் முறை சொன்னவர் கந்தப்பன். வாயாலேயே சொல்வார். சத்தம் போடுகிறவர்களுக்குத் தண்ணீர் போகும். கடைமடையில் இருக்கும் சின்னத்தாயி சத்தம் போடத் தெரியாதவள். போன வருஷம் அவள் நாற்றங்கால் கண்ணெதிரே காய்ந்தது. அதைப் பார்த்துத்தான் இந்த வருஷம் முறை போடும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். ஆடி அமாவாசைக்கு அடுத்த ஞாயிறு கூட்டம். முறைச்சீட்டு என்னிடம் இருப்பதா, கந்தப்பனிடம் திரும்பப் போவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். போய்விட்டால் சின்னத்தாயிக்கு இந்த வருஷமும் அதே கதிதான்.

நாச்சியம்மாள்

*

கணபதி
13-6-1998

நாச்சியம்மாள் டீச்சருக்கு,

ஐந்தரை கிடைத்துவிட்டது! உங்கள் கடிதம் வந்ததும் உட்கார்ந்தவன் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. வீட்டுக்காரி பத்மாவதி தட்டைக் கொண்டுவந்து கீபோர்டின் மேலேயே வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் நேரத்தை எண்ணுவது 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து. அதுவும் லண்டன் பக்கத்துக் கணக்கில் நள்ளிரவிலிருந்து. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே காலை ஐந்தரை. என் புரோகிராம் முதலில் ஒரு வெற்றுச் சீட்டை உண்டாக்கும். பிறகு பெயரைப் போடு, நேரத்தைப் போடு, எத்தனை மணி நேரம் என்று போடு என்று ஒவ்வொன்றாக நிரப்பும். நிரப்பாத இடத்தில் ஜாவா தானாகச் சுழியம் வைத்துவிடுகிறது. சுழியத்தை நேரமாக அச்சடித்தால் நம் நாட்டில் ஐந்தரை. நான் சீட்டில் தேதியைப் போடாமல் மணியை மட்டும் அச்சிட்டதால், உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் 1970-ஆம் வருஷத்துத் தண்ணீருக்காகக் காத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை.

திருத்தம் சுலபம். நேரம் சுழியமாக இருந்தால் "நேரம் போடவில்லை" என்று அச்சடிக்கச் சொல்லிவிடுகிறேன். ஒரே வரி.

லட்சுமணசாமி

*

கோபிசெட்டிபாளையம்
17-6-1998

லட்சுமணசாமி சாருக்கு,

1970-ஆம் வருஷத்துத் தண்ணீர் என்று கந்தப்பனிடம் சொன்னேன். "அந்த வருசம் நல்ல மழைங்க. தப்பில்ல, அதவே உடச் சொல்லுங்க" என்கிறார். இந்த ஆளோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

உங்கள் ஒரே வரிக்கும் சிவப்புக் கோடு. இன்றைக்கு நேரத்தை மறந்தேன். நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதை மறப்பேன். அதற்கு இன்னொரு வரியா? மறதி ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல்காரனை நிறுத்திக்கொண்டே போவீர்களா?

நான் கணக்கு டீச்சர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வரைபடத்தில் ஒரு புள்ளி என்றால் அதற்குக் குறுக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்தால்தான் புள்ளி. "முதலில் புள்ளியை வைக்கிறேன் டீச்சர், எங்கே என்பதை அப்புறம் சொல்கிறேன்" என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? நேரம் இல்லாத முறைச்சீட்டு சீட்டே இல்லை. அதை எதற்கு உண்டாக்க விடுகிறீர்கள்? எல்லாம் கையில் இருந்தால் சீட்டு பிறக்கட்டும். இல்லையென்றால் பிறக்கவே வேண்டாம்.

இப்படிச் செய்ய முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். கையால் எழுதிக்கொள்கிறேன்.

நாச்சியம்மாள்

*

கணபதி
22-6-1998

நாச்சியம்மாள் டீச்சருக்கு,

முடியும். ஜாவா அதற்கு வழி வைத்துக்கொண்டு காத்திருந்தது. எனக்குத்தான் கண்ணில் படவில்லை.

ஒரு பொருளைப் பிறப்பிக்கும் பகுதிக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர். நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் பத்மாவதிக்குப் படித்துக் காட்டினேன். அவள் இட்லி ஊற்றிக்கொண்டே, "இத்தன நாளா நீங்க வெறும் தட்ட வேக வெச்சு, எறக்குன பின்னால மாவு ஊத்தீட்டு இருந்தீங்களாக்கும்" என்றாள். அதைவிடத் தெளிவாக எங்கள் சென்டரில் யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது பெயர், தொடங்கும் நேரம், எத்தனை மணி நேரம், ஊர், மடை, வாய்க்கால் ஆகிய ஆறும் கொடுத்தால்தான் சீட்டு உண்டாகும். இப்படி மாற்றியதும் கம்ப்யூட்டர் என் புரோகிராமை ஓட்டவே மறுத்துவிட்டது. எங்கெங்கே பாதிச் சீட்டு செய்திருந்தேனோ அங்கெல்லாம் பிழை, பிழை என்று திரை நிறையக் காட்டியது. உங்கள் சிவப்பு மை ஞாபகம் வந்தது.

ஆனால் ஆறையும் ஒவ்வொருவருக்கும் நீங்கள் தட்டினால் விரல் வலிக்கும். ஊரும் மடையும் வாய்க்காலும் எல்லாருக்கும் ஒன்றுதானே? அதனால் சின்னதாக இன்னொரு கன்ஸ்ட்ரக்டரும் வைத்திருக்கிறேன். அதற்கு மூன்று போதும். மீதி மூன்றையும் அதுவே சேர்த்துப் பெரியதிடம் கொடுத்துவிடும். சீட்டு பிறப்பது எப்போதும் பெரியதன் வழியாகத்தான். இப்படி:

புதிய சீட்டு (கரீம், செவ்வாய் இரண்டு மணி, மூன்று மணி நேரம்)

எது எல்லாருக்கும் பொதுவோ அதைக் கம்ப்யூட்டர் நிரப்பட்டும். நேரத்தை மட்டும் அது ஒருபோதும் ஊகிக்காது.

ஃப்ளாப்பி அதே கண்டக்டரிடம். உங்கள் முதல் வாரத்துப் பதிவை ஒரு ஃப்ளாப்பியில் எனக்குத் திருப்பி அனுப்புங்கள். இங்கேயும் ஓட்டிப் பார்க்கிறேன்.

லட்சுமணசாமி

*

கோபிசெட்டிபாளையம்
6-7-1998

லட்சுமணசாமி சாருக்கு,

முதல் வாரம் நன்றாகப் போனது. சின்னத்தாயிக்கு அவள் நேரத்தில் தண்ணீர் வந்தது. மடை திறந்ததும் அவள் வயலுக்குப் போகாமல், வாய்க்கால் ஓரமாகவே தண்ணீரோடு சேர்ந்து நடந்து வந்தாள். நடுவில் யாராவது திருப்பிவிடுவார்களோ என்ற சந்தேகம்தான். ஒருவரும் திருப்பவில்லை. உங்களுக்கு நன்றி எழுதலாம் என்று தாளை எடுத்தேன்.

அந்தத் தாளில்தான் இப்போது திட்டி எழுதுகிறேன்.

எங்கள் மடையில் மாற்று முறை என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு விசேஷம், மருத்துவமனை என்று வந்தால் இன்னொருவரோடு முறையை மாற்றிக்கொள்வார். அடுத்த வாரம் பழையபடி ஆகிவிடும். இரண்டாவது வாரம் கந்தப்பன் பவானிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். அவருடைய திங்கள் விடிகாலை முறையைக் கரீமுக்குக் கொடுத்துவிட்டு, கரீமின் செவ்வாய் முறையை வாங்கிக்கொண்டார். நானும் கம்ப்யூட்டரில் பெயரைத் திருத்தினேன். கந்தப்பன் இருந்த சீட்டில் கரீம், கரீம் இருந்த சீட்டில் கந்தப்பன்.

லஸ்கர் வந்து இரண்டு வாரத்துச் சீட்டும் வேண்டும் என்றார். முதல் வாரத்துச் சீட்டைச் சுவரிலிருந்து ஆடு தின்றுவிட்டது. மறுபடி அச்சடித்தேன். அதில் முதல் வாரத்திலும் திங்கள் விடிகாலை கரீம் என்று வருகிறது! அந்த வாரம் விடிகாலையில் தண்ணீர் கட்டியது கந்தப்பன். ஊரே பார்த்தது.

"அப்ப கரீம் பாயோட முறையில கந்தப்பண்ணன் தண்ணிய எடுத்துபோட்டாரு" என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"நான் மாத்துனது இந்த வாரந்தானுங்க. போன வாரம் இல்லீங்க" என்று கரீம் சொன்னார். யார் கேட்டார்கள்? அச்சில் இருக்கிறதே.

கந்தப்பன் சத்தம் போடவில்லை சார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "டீச்சர், நான் கத்துவேன், மெரட்டுவேன். இன்னொருத்தன் தண்ணியத் திருடுனதில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் வாரத்தை மாற்றினால் முதல் வாரம் எப்படி மாறும்? கூட்டத்துக்கு இன்னும் நாள் அதிகம் இல்லை.

நாச்சியம்மாள்

*

கணபதி
11-7-1998

நாச்சியம்மாள் டீச்சருக்கு,

கந்தப்பனிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: அவர் பேரில் தவறே இல்லை. நீங்கள் திருப்பி அனுப்பிய முதல் வாரத்துப் பதிவு என்னிடம் அப்படியே இருக்கிறது. அதில் திங்கள் விடிகாலை கந்தப்பன் என்றுதான் இருக்கிறது. இத்துடன் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

தவறு இப்படி நடந்தது. புது வாரம் தொடங்கும்போது நீங்கள் எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டாமே என்று, போன வாரத்துச் சீட்டுகளையே புது வாரத்திலும் சேர்க்கும்படி எழுதியிருந்தேன். புதிதாக நகல் எடுக்கவில்லை. அதே சீட்டு இரண்டு இடத்திலும். வாரத்தின் பெயரை மட்டும் தாளின் தலைப்பில் அச்சடித்தேன். ஒரே போட்டோவுக்கு இரண்டு பிரதி எடுத்து முன் அறையிலும் பூஜை அறையிலும் மாட்டவில்லை. ஒரே ஆளை இரண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ஜன்னல் வழியாக அவருக்கு மீசை வரைந்தால் அந்த ஜன்னலிலும் மீசையோடுதான் தெரிவார்.

முதலில், நகல் எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எழுதியும்விட்டேன். பிறகு உங்கள் பழைய கேள்வி என் காதில் விழுந்தது: மறதி ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல்காரனா? எங்காவது ஒரு இடத்தில் நகல் எடுக்க மறந்தால் மறுபடி ஒரு கந்தப்பன் தலைகுனிய வேண்டும். கோளாறு நகலில் இல்லை. பிறந்துவிட்ட சீட்டைத் திருத்த நான் வழி விட்டிருந்ததுதான் கோளாறு.

ஆகவே அந்த வழியை எடுத்துவிட்டு, புது ஃப்ளாப்பியை அதே கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். பெயரை மாற்று, நேரத்தை மாற்று என்றிருந்த பொத்தான்கள் இனி இல்லை. சீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொன்றின் முன்னாலும் ஃபைனல் என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறேன். அந்தச் சொல் இருந்தால், பிறக்கும்போது வைத்த மதிப்பைப் பிறகு மாற்றும் வரி எங்காவது இருந்தாலும், கம்ப்யூட்டர் புரோகிராமை ஓட்டுவதற்கு முன்பே பிடித்துவிடும். வெந்த இட்லிக்கு உப்பு சேர்க்க முடியாதல்லவா? உப்பு போதவில்லை என்றால் அடுத்த ஈட்டில்தான்.

மாற்று முறைக்கு வேறு பொத்தான். அதை அழுத்தினால் பழைய சீட்டைத் தொடாது. அதிலுள்ள தொடங்கும் நேரத்தையும் எத்தனை மணி நேரம் என்பதையும் எடுத்துக்கொண்டு, பெயரை மட்டும் வேறாக வைத்து, புதுச் சீட்டு ஒன்றைப் பிறப்பிக்கும். இந்த வாரத்துப் பட்டியலில் புதுச் சீட்டு. போன வாரத்துப் பட்டியலில் பழைய சீட்டு, பழையபடியே. இனி ஒரே சீட்டு பத்து வாரத்தில் இருந்தாலும் எனக்குப் பயமில்லை. யாராலும் மாற்ற முடியாததை எத்தனை பேர் பகிர்ந்துகொண்டால் என்ன?

லட்சுமணசாமி

*

கோபிசெட்டிபாளையம்
27-7-1998

லட்சுமணசாமி சாருக்கு,

நேற்றுக் கூட்டம். மோட்டார் ரூமில் ஆரம்பித்து என் வீட்டில் முடிந்தது.

நீங்கள் அனுப்பிய தாளை முதலில் எல்லாருக்கும் காட்டினேன். கந்தப்பன் வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது சரிங்க டீச்சர். ஆனா போன தடவ வந்ததும் இதே மெசினு அச்சடிச்ச தாளுதானுங்க. அன்னிக்கு மாறுன மாதிரி நாளைக்கும் மாறாதுங்கறதுக்கு என்ன உத்தரவாதம்?"

நியாயமான கேள்வி. "ஊட்டுக்கு வாங்க. நீங்களே மாத்திப் பாருங்க" என்றேன். மடைக்காரர்கள் அத்தனை பேரும் மண் காலோடு என் முன் அறைக்கு வந்தார்கள். கந்தப்பனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, மவுசை எப்படிப் பிடிப்பது என்று கரீம் காட்டிக்கொடுத்தார். அவருக்கும் தெரியாது. இருந்தாலும் காட்டினார்.

கந்தப்பன் போன வாரத்தைத் திறந்து, தன் பெயரைக் குத்திக் குத்திப் பார்த்தார். அசையவில்லை. கீபோர்டில் தட்டினார். அசையவில்லை.

"சத்தம் போட்டுப் பாருங்க மாமா" என்றாள் சின்னத்தாயி. அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அறையே சிரித்தது. கந்தப்பனும் சிரித்துவிட்டார்.

பிறகு மாற்று முறைப் பொத்தானைக் காட்டினேன். அவர் முறையைக் கரீம் பேருக்கு ஒரு வாரம் மாற்றிப் பார்த்தார். புதுச் சீட்டு வந்தது. உடனே போன வாரத்தைத் திறந்தார். கந்தப்பன் கந்தப்பனாகவே இருந்தார். திரும்பிப் பார்த்து, "நீங்க நெனச்சாலும் மாத்த முடியாதுங்களா?" என்று கேட்டார்.

"முடியாதுங்க."

"கோயமுத்தூர்ச் சாரு?"

"அவரு வேணும்னா புதுசா வேற புரோகிராமே எழுதோணும். எழுதுனா நான் சும்மா உடுவனா?"

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப டீச்சரே பாக்கட்டும். நாளைக்கு எவனாவது என்னச் சொன்னா இத அச்சடிச்சு மூஞ்சில ஒட்டலாம். எனக்கும் கத்திக் கத்தித் தொண்ட போயிருச்சு."

கை தூக்கச் சொல்லக்கூட இல்லை. முடிந்துவிட்டது. எல்லாரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள். சின்னத்தாயி கடைசியாக நின்று டம்ளர்களை எடுத்து வைத்தாள். "நாத்துப் பச்சையா நிக்குதுங்க அம்மணி. நாளன்னிக்கு நடவு. நீங்க வரோணும்" என்றாள். போகிறேன்.

என் பதில் காதில் விழவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினீர்களே, அதற்கு இப்போதுதான் பதில் எழுத நேரம் கிடைத்தது. மணி அடித்த பிறகு சித்திகாவை நிறுத்திவைத்துச் சொன்னேன்: "எக்ஸ் மாறவே இல்ல கண்ணு. போன கணக்கோட எக்ஸ் இப்பவும் மூணுதான். வேணும்னா நோட்டைத் திருப்பிப் பாரு. இது வேற கணக்கு, வேற எக்ஸ்." அவள் நிஜமாகவே நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். கந்தப்பனைப் போலவே.

இன்னொன்று. என் புது வேலையைப் பார்த்து, பக்கத்து மடைக்காரர்களும் தங்களுக்கு இதைச் சொல்லித்தரும்படி கேட்கிறார்கள். அவர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாச்சியம்மாள்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தில் உங்களுக்குச் சிவப்புக் கோடு இல்லை.

*

கணபதி
1-8-1998

நாச்சியம்மாள் டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்மாவதி இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். "சத்தம் போட்டுப் பாருங்க மாமா" வந்ததும் இரண்டு தரமும் சிரித்தாள். ஆடிப் பெருக்குக்குப் பவானிக்கு வருகிறோம். திரும்பும் வழியில் சின்னத்தாயி நட்ட வயலைப் பார்த்துவிட்டுத்தான் போவோம். போன் செய்கிறேன். இந்த முறை எடுங்கள்.

பக்கத்து மடைக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு அட்டையும் பேனாவும் போதும். முதல் நாள் அவர்களிடம் இதை மட்டும் செய்யச் சொல்லுங்கள்:

பெயர், தொடங்கும் நேரம், எத்தனை மணி நேரம் என்ற மூன்றும் தெரிந்த பிறகே ஒரு முறைச்சீட்டைப் பேனாவால் எழுதுங்கள். அதில் ஏதாவது மாற வேண்டுமென்றால் அடிக்காமல், அழிக்காமல், வேறொரு சீட்டு எழுதி அதன் பக்கத்தில் வையுங்கள்.

லட்சுமணசாமி